பிரமிளா வாய்தாவுக்குப் போன கதை

பிரித்திகாவைப் பள்ளியிலிருந்தே கூட்டிக்கொண்டுபோய் வெதுருகுப்பத்தில் தன் அம்மா வீட்டில் வைத்துக்கொண்டான் அவள் அப்பா தனசேகர். மகளைத் திரும்பக் கேட்டு திருப்பதி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டாள் பிரமிளா. கணவனைப் பிரிந்தபின் புத்தலப்பட்டு வீடும் பழைய காரும் அவளிடம் இருந்தன. அந்த வீட்டுக்கு எதிர்வரிசையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தான் அவன்.

முதல் வாய்தா அன்று சாவியைத் திருப்பினால் டக்டக்கென்ற சத்தம்தான். பேட்டரி ஒயர் கழன்றிருந்தது; அன்று போக முடியவில்லை. பழைய வண்டிதானே என்று நினைத்தாள். அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது சந்திரகிரியைத் தாண்டியதும் பானட்டுக்குள்ளிருந்து ஆவி பொங்கியது. சூடு ஆறும்வரை காத்திருந்து திறந்து பார்த்தாள். ரேடியேட்டர் குழாயை இறுக்கும் கிளிப் தொளதொளவென்று தொங்கியது. அதன் திருகில் ஸ்க்ரூடிரைவர் கீறிய புதுத் தடம்.

மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைய வாய்தாவும் தவறிப்போனது.

"இந்த தபா நீ வரலன்னா மனுவையே தள்ளிடுவாங்கம்மா" என்றார் வக்கீல் ஜெகநாதன்.

"வருவேன் சார். அவனும் வரட்டும்."

அன்றிலிருந்து செல்போனில் வீடியோ பார்த்து, பானட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று படித்தாள். ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் எதைப் பார்ப்பது, சுற்றியும் பற்றாவிட்டால் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பழகினாள். சமைக்கும்போதும் அதே நினைப்பு. அவன் முகம் செத்துப்போவதைப் பார்க்க வேண்டும்.

வாய்தாவுக்கு முந்தின நாள் மதியம், கடைக்குக் கேட்கும்படி பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் உரக்கச் சொன்னாள்.

"அக்கா, வக்கீலைப் பாக்கப் போய்க்கினு இருக்கேன். சாயங்காலந்தான் வருவேன்."

ஷேர் ஆட்டோவில் ஏறி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள். மாந்தோப்பு வழியாகப் பின்வாசலுக்கு வந்து, வண்டி தெரிகிற சமையலறை ஜன்னலில் செல்போனை நிறுத்திக் காத்திருந்தாள்.

தனசேகர் வந்தான். சாவி போட்டுக் கார்க் கதவைத் திறந்தான். பானட்டைத் தூக்கி, ஃபியூஸ் பெட்டியிலிருந்து எதையோ பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடியிருப்பான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழுவதையும் படம் பிடித்தாள்.

அவன் போனபின் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, பின்சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்பின் ரீங்காரம் மட்டும் கேட்கவில்லை. ஃபியூஸ் பெட்டியில் அதற்கான இடம் காலி. மூடியின் உட்புறத்தில் மாற்று ஃபியூஸ் இருந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாளே தவிர, மாட்டவில்லை.

காலையில் கடைவாசலில் நின்ற தனசேகருக்குக் கேட்கட்டும் என்று சாவியைத் திருப்பித் திருப்பி வண்டியைக் கதறவிட்டாள். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் விசிலடித்தபடி தன் காரில் ஏறித் திருப்பதிக்குக் கிளம்பினான். கண்ணுக்கு மறைந்ததும் இறங்கி ஃபியூஸைச் சொருகினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது.

அவள் உள்ளே நுழைந்தபோது தனசேகர் கூண்டருகே கைகட்டி நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"கொழந்த மேல அக்கறையே கெடையாதுங்க மேடம். இன்னைக்கும் வரல பாருங்க."

"வந்துட்டேங்க" என்றாள் பிரமிளா.

அவள் செல்போனில் காட்டிய வீடியோவைப் பார்த்த நீதிபதி தனசேகரை நிமிர்ந்து பார்த்தார். அவன் முகம் செத்துப்போனதை ஆசைதீரப் பார்த்தாள் அவள். சாவியை அங்கேயே ஒப்படைக்க வைத்தார்கள். வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடம் என்று உத்தரவானது; வண்டியில் கைவைத்ததற்குத் தனியே போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார் ஜெகநாதன்.

வெளியே தனசேகர் வழிமறித்தான். "பாத்துக்கினே இருந்தியா? அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவே. முழுசா செய்யட்டும்னு வுட்டேன்."

"மனுஷியா நீ?"

"எம் பொண்ணு தெனம் அழுதுக்கினு இருந்தப்போ நீ கேட்டியா இத?"

வெதுருகுப்பத்தில் மகளை ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தாள். நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடையெதிரே வண்டியை நிறுத்தி, ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் இருந்தாள். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கல்லாவில் இருந்த தனசேகர் குனிந்துகொண்டான்.

"போதும்மா" என்றாள் பிரித்திகா, காதைப் பொத்திக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பிரமிளா.