சிப்பியோவின் பாதிக் கதை

ஆபீஸ் முடிந்து நான் போகும் வரலாற்று வகுப்பில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய மாலை, பேராசிரியர் சிப்பியோவின் கதையைப் பாதியில் நிறுத்தினார். அதுவரை நான் குறித்துக்கொண்டது இது: ஹன்னிபாலைத் தோற்கடித்து ரோமைக் காப்பாற்றிய தளபதி. பல வருடங்கள் கழித்து ரோமே அவர்மேல் வழக்குப் போட்டது. விசாரணையில் அவர் பதில் சொல்லவில்லை. இன்று நான் ஹன்னிபாலை வென்ற நாள், கோயிலுக்குப் போய் நன்றி சொல்வோம் என்று நடந்தார். கூட்டம் மொத்தமும் பின்னால் போனது.

எனக்குக் கார் இல்லை. வகுப்பு முடிந்ததும் எங்கள் டீம் லீட் நஞ்சப்பன் அண்ணாதான் அழைத்துப்போவார். அன்று ஃப்ரீவேயில் இதைச் சொன்னபோது, "நம்மாளா இருக்கறாரே" என்று சிரித்தார். போன புத்தாண்டில், 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று பயந்த ஒய்டுகே சமயம், வீட்டுக்கே போகாமல் கம்பெனியின் பில்லிங் சிஸ்டத்தைக் காப்பாற்றியவர் அவர். இப்போது ஆட்குறைப்பு என்று பேச்சு. வேலை போனால் விசாவும் போகும். அமெரிக்காவிலேயே தங்க அவருக்குக் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

2001இன் முதல் வேலைநாளில் ஆபீஸ் கூட்டத்தில் டைரக்டர் எல்லோர் முன்னாலும் ஆட்குறைப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை வாசித்தார். அண்ணா எழுந்து, போன வருடம் இதே சமயம் நம் சிஸ்டம் நிற்காமல் ஓடியது, அதற்காக இன்று என் செலவில் லஞ்ச், எல்லோரும் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து நடந்தார்.

டைரக்டர் எங்களைப் பார்த்தார். எங்கள் டீமின் பிச்சுமணி தன் காபிக் கோப்பையைப் பார்த்தான். நான் பாதி எழுந்தேனா, நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தேனா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளியே போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த வகுப்பில் பேராசிரியர் மீதியைச் சொன்னார். பஸ்ஸில் போக வேண்டியதுதான் என்று வெளியே வந்தேன். அண்ணாவின் கார் நின்றிருந்தது. பின்சீட்டில் கட்டிய அட்டைப்பெட்டிகள்.

"உன்ற தளபதி கடைசில என்ன ஆனாப்ல, தம்பி?"

மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை, ரோமை விட்டு ஒரு கடலோர ஊருக்குப் போய் அங்கேயே செத்தார், நன்றி கெட்ட நாடே, என் எலும்புகூட உனக்கில்லை என்று கல்லறையில் எழுதச் சொன்னாராம் என்றேன்.

சிக்னலில் அண்ணா காரை நிறுத்தினார்.

"பாவம், சொந்தக் காசுல போயிருப்பாரு. நமக்கு அந்தக் கவலை இல்ல. லே ஆஃப் பண்ணினா ஊருக்குத் திருப்பி அனுப்பற செலவு கம்பெனியோடதாம், சட்டமே இருக்குதாம். கோயமுத்தூர் வரைக்கும் புக் பண்ணிட்டாங்க. ஒன் வே."

வழக்கம்போல என் அபார்ட்மென்ட் வாசல்வரை வந்து இறக்கிவிட்டார்.