இறக்கையில் வைத்த பயம்

விமானத் தொழிற்சாலையில் கடைசி வேலை, விமானத்துக்குப் பயம் பொருத்துவது. பயமில்லாத விமானம் இடிமேகத்தைக் கண்டாலும் தன் பாட்டுக்கு உள்ளே நுழைந்துவிடும். ஏறி உட்கார்ந்தவர்கள் கதி அதோகதிதான். பயம் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. எந்த உற்பத்திப் பொறியாளர் பொறுப்பில் விமானம் உருவாகிறதோ, அவரே தன்னிடமிருந்து ஒன்றை எடுத்து இறக்கைக்கு அடியில் வைத்து முடுக்க வேண்டும்.

சௌடேஸ்வரி அந்த வேலையில் கெட்டிக்காரி. பல்லி பயம், இருட்டு பயம், மாமியார் பயம் என்று வருஷக்கணக்காகக் கொடுத்துத் தீர்த்திருந்தாள். மாமியார் பயம் வாங்கிய விமானம் இன்றைக்கும் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறது. புது விமானம் ஒன்று தயாராகி நின்றபோது அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: கணவர் மாதேஸ்வரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

கொஞ்சம் கிள்ளி வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அரைகுறையாக முடுக்கிய போல்ட்டும் போல்ட்டே இல்லாததும் ஒன்றுதான் என்று பழகிய கை அது. முழுவதையும் வைத்து இறுக்கினாள். வெளியே துளி சிந்தியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்தும் விட்டாள்.

அதன்பிறகு மாதேஸ்வரன் எவ்வளவு தாமதமானாலும் அவள் போன் செய்யவில்லை. இருமினால் திரும்பிப் பார்க்கவில்லை. பிரியம் மட்டும் அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. ஒருநாள் பைக்கிலிருந்து விழுந்து, கையில் கட்டோடு வந்தார். அவள் காப்பி கொடுத்தாள்.

"என்னாச்சுன்னுகூடக் கேக்க மாட்டியா?" என்றார்.

"அதான் வந்துட்டீங்களே" என்றாள்.

மறுநாள் அவர் கோபியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சௌடேஸ்வரி அழுதாள். கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தைதானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பயம்தான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். அந்த விமானம் அக்காவின் மஞ்சள் காட்டில் வந்து இறங்கியிருக்கிறதாம். கை எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டு நகர மாட்டேன் என்கிறதாம். பயணிகளுக்கு அக்கா ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"நான் இதுகூடவே இருந்துக்கறேன், சௌடா."

அவள், ஈர மண்ணில் சக்கரம் புதையும், அடியில் பலகை கொடுங்கள் என்றாள். பொழுது சாய்ந்ததும் எஞ்சின் வாயை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவி கூடு கட்டிவிடும் என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

போனை வைக்குமுன் அவருக்குப் பின்னால் விமானம் பேசுவது கேட்டது.

"கிட்ட வராதீங்க, எஞ்சின் இன்னும் சூடு ஆறலை."

சௌடேஸ்வரியின் பழைய குரல் அது. ஆறட்டும், அதுவரைக்கும் தள்ளியே நில்லுங்கள் என்று அவளும் சொன்னாள்.