காற்று விழுந்த ஞாயிற்றுக்கிழமை

மெக்கானிக்குக் கோபம் வந்தால் படகுத்துறை முழுக்கத் தெரியும். பொறாமை வந்தால் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் அவருக்கு வந்தது இரண்டாவது சமாச்சாரம், அதுவும் சொந்தச் சகலைமீது.

சகலை பல் டாக்டர். மெக்கானிக் மனைவியின் தங்கை புருஷன். ஊராரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி வேலை பார்க்கிறவர், தன் வாயை மட்டும் அளவாகத்தான் திறப்பார். அவர் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி, தானே சுரண்டி, தானே வண்ணமடித்து ஏரியில் இறக்கினார். அதுவரை அந்த ஏரியில் மெக்கானிக் வைத்ததுதான் சட்டம். துறையில் கட்டியிருக்கும் மோட்டார் படகு ஒவ்வொன்றும் அவர் கை பட்டுத்தான் உறுமும். அவருடைய சொந்தப் படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் நடுத்தண்ணீரில் நின்றதில்லை என்று அவர் சொல்லிக் கேட்காத காது அந்தத் துறையில் கிடையாது.

நல்ல மனசோடுதான் அவர் சகலைக்கு ஒரு சின்ன இஞ்சினைச் சும்மாவே தருகிறேன் என்றார். பாய்ப்படகின் பின்னால் மாட்டிக்கொண்டால் காற்று விழுந்தாலும் வீடு வந்து சேரலாம் அல்லவா? பல் டாக்டர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அதை மாட்டிட்டா அப்புறம் காத்தைக் கவனிக்க மாட்டேன் அண்ணே" என்று சிரித்தார். அன்றைக்கே மெக்கானிக்குக்கு உள்ளே புகைய ஆரம்பித்துவிட்டது. ஒருவர் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காற்று இல்லாமல் மாட்டிக்கொண்டால் சகலை போன் செய்வார், மெக்கானிக் போய்க் கயிறு கட்டி இழுத்து வருவார். இரண்டு தடவை இழுத்தும் வந்தார். இழுத்துவந்த கதையைத் துறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

இதுவரைக்கும் பாதகமில்லை. வயிறு எரிய ஆரம்பித்தது மனைவி பாய்ப்படகில் ஏறிய பிறகுதான்.

பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் அவருடைய படகில்தான் இருப்பாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் உட்காருவாள். இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டுவாள், திரும்பலாம் என்றால் கையைச் சுழற்றுவாள். டீசல் வாடைக்கு அவளுக்குத் தலைவலி வரும். ஆனாலும் பத்தே நிமிஷத்தில் அக்கரை, பத்தே நிமிஷத்தில் இக்கரை, சொன்ன நேரத்துக்கு வீடு. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

தங்கை கூப்பிட்டாள் என்று ஒருநாள் பாய்ப்படகில் போனவள், அடுத்த இரண்டு ஞாயிறும் போனாள். பாய்ப்படகில் சுகம் என்று சொல்ல என்ன இருக்கிறது? நேரே தெரிகிற அக்கரைக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோணல் வழி போக வேண்டும். பாயின் அடியில் இருக்கும் நீளக் கட்டை திரும்பும்போதெல்லாம் குனியாவிட்டால் மண்டை உடையும். பாதி நேரம் முழங்கால்வரை ஈரம். அவளோ வீட்டுக்கு வந்து, கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையைப் புது வளையல் காட்டுகிற மாதிரி நீட்டினாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கன்னத்திலேயே தெரிகிறது என்றாள். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிற சத்தம் கேட்டதாம், தங்கையோடு மணிக்கணக்காகப் பேசினாளாம். மாப்பிள்ளைத் தம்பி சுக்கானைக்கூட அவள் கையில் கொடுத்தாராம். மெக்கானிக் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். பத்தொன்பது வருஷத்தில் தன் படகின் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அது தோன்றாததற்கும் சேர்த்துச் சகலைமீதுதான் ஆத்திரம் வந்தது.

நான்காவது ஞாயிறு காலை. பல் தேய்த்துக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாக அக்கரைச் செங்கல் சூளையின் புகையைப் பார்த்தார். விடியும்போது குச்சி நட்ட மாதிரி நேரே எழுந்து, பிறகு தெற்கே லேசாகச் சாய்ந்தது. அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். பத்து மணிக்கு நல்ல காற்று அடிக்கும், பன்னிரண்டுக்கு விழும். அப்புறம் ஐந்து மணிவரை ஏரி, தட்டில் ஊற்றின பால்தான். மற்ற நாளாக இருந்தால் துறைக்குப் போய், "இன்னைக்குப் பாய் விரிச்சா படுத்துத் தூங்கத்தான் ஆகும்" என்று நாலு பேருக்குக் கேட்கக் கத்தியிருப்பார். அன்றைக்கு மூச்சு விடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்தார். போகட்டும், நடுத்தண்ணீரில் வெந்து வரட்டும், அப்போது தெரியும் எது படகு என்று. எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை இருக்கிறதே, அதை அவரும் சின்ன வயதில் கேட்டவர்தான். கேட்டு என்ன பிரயோஜனம்?

துறையில் மூவரையும் சிரித்த முகமாக வழியனுப்பினார். பத்து மணிக்குப் பாய் புடைத்தது. பன்னிரண்டடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அரை மைல் தூரத்தில், கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. மெக்கானிக் பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் அடிக்கவில்லை.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார், முழுசாக இருந்தது. டிக்கெட் கொடுப்பவர் தன் கூண்டிலிருந்து எட்டிப்பார்த்து, பாவம் வெயிலில் கிடக்கிறார்களே, போய் இழுத்து வரக்கூடாதா என்று கேட்டார். கூப்பிடாத வீட்டுக்கு யாராவது போவார்களா என்று மெக்கானிக் எரிந்து விழுந்தார்.

ஆனாலும் கல் மனசில்லை அவருக்கு. ஒன்றரை மணிக்கு வெயில் தகரக் கூரையில் ஏறியபோது, மனைவிக்கு வெயில் ஆகாது என்ற நினைப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது. அது சூடாகட்டும் என்று ஓடவிட்டு, இழுவைக் கயிற்றை எடுக்கத் துறையின் அந்தக் கோடிக்கு நடந்தார். கயிற்றைத் தோளில் போடும்போதுதான் கேட்டது. காற்று விழுந்த ஏரியில் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். சிரிப்பு. தங்கையின் சிரிப்பு இல்லை, டாக்டருடையதும் இல்லை. அவருடைய மனைவிதான், தொண்டை திறந்து, நிறுத்த மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி அவள் சிரித்து அவர் எத்தனை வருஷமாகக் கேட்டதில்லை என்று கணக்குப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. நான் இங்கே வெந்து சாகிறேன், அங்கே காற்றே இல்லாமல் இவ்வளவு சந்தோஷமா? அப்படியென்றால் அது பாயும் இல்லை, காற்றும் இல்லை, அந்த மனிதர்களோடு இருப்பதுதான் சுகம் போலிருக்கிறது. திரும்பி வந்தார். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். கயிற்றை மேடையில் வீசிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டு நேரம் போனது, அவர் சாப்பிடவில்லை. கோபம் வயிற்றை நிரப்பும் என்று யாரோ சொன்னது சுத்தப் பொய்.

நாலரைக்கு மேல் முடியவில்லை. கூப்பிடாமலேயே கிளம்பினார்.

நெருங்கியதும் இஞ்சினை அணைத்துவிட்டு மெல்லப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். தவித்துப்போய், உதடு காய்ந்து, அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி மூன்று பேரை எதிர்பார்த்துப் போயிருந்தார். பாயையே இறக்கிக் கூடாரம் மாதிரிக் கட்டி நிழல் செய்திருந்தார்கள். டாக்டர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டு எழுந்தார். நடுவில் சாப்பாட்டுப் பாத்திரங்கள். மூன்று தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. நான்காவது தட்டில் சோறும் வறுத்த மீனும், மேலே ஒரு மூடி.

"போன் பண்ண வேண்டியதுதானே" என்றார் மெக்கானிக்.

பதில் சொன்னது மைத்துனி. போன் செய்யக்கூடாது என்பதுதான் பந்தயமாம். காலையில் அக்கா சமையலறையில் நாலு பேருக்குச் சாப்பாடு கட்டியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, இன்றைக்குக் காற்று விழப்போகிறது, அவரும் வந்து சேர்ந்துகொள்வார் என்றாளாம்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"புகையைப் பார்த்தீங்க, வாயைத் திறக்கலை" என்றாள் அவள். "பத்தொன்பது வருஷத்துல நீங்க காத்தைப் பத்திப் பேசாத காலை இன்னைக்குத்தான். ஏதோ கோபத்துல இருக்கீங்கன்னு புரிஞ்சுது. ஆனா மனசு கேக்காது, ரெண்டு மணிக்குள்ள நீங்களா வந்துடுவீங்கன்னு சொன்னேன். வரமாட்டார்னு இவ சொன்னா. நீங்க வந்துட்டா இனிமே ஞாயித்துக்கிழமை இவங்க ரெண்டு பேரும் நம்ம படகுல. வரலைன்னா மழைக்காலம் வரைக்கும் நான் இவங்க படகுல. அதான் பந்தயம்."

மெக்கானிக் தண்ணீரைப் பார்த்தார்.

"ஒன்றரைக்கு உங்க இஞ்சின் சத்தம் கேட்டுச்சுங்க" என்று அவள் தொடர்ந்தாள். "ஆயிரம் இஞ்சின்ல உங்களோடது எனக்குத் தெரியாதா? ஜெயிச்சுட்டேன்னு எழுந்து நின்னு சிரிச்சேன். படகே ஆடிப்போச்சு. இவ காதைப் பொத்திக்கிட்டா. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு."

டாக்டர் தொண்டையைக் கனைத்து, மெதுவாக வழி செய்து கொடுத்தார். "இஞ்சின் ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும். இல்லையா அண்ணே? எப்பேர்ப்பட்ட இஞ்சினும் ஒருநாள் நிக்கும். கோளாறுன்னா பந்தயம் செல்லாது."

கோளாறு என்றால் பந்தயம் செல்லாது என்று மைத்துனியும் ஒத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் வேண்டியது. ஒரு வார்த்தை. ஆமாம், நின்றுவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்துவிடும், நாளைக்குத் துறையில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். மனைவி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரி. அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை.

"இஞ்சினுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். "நீ சிரிச்சது கேட்டுச்சு. நான்தான் நிறுத்தினேன்."

அவள் மூடியை எடுத்துவிட்டு, ஆறிப்போன தட்டை இரண்டு கையாலும் பிடித்து அவருடைய படகுக்குள் வைத்தாள். அவர் நீட்டிய இழுவைக் கயிற்றை வாங்கி, பாய்ப்படகின் மூக்கில் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.