அழுது கொன்ற பத்து லட்சம்

என் மச்சானை அழவைத்தே பத்து லட்சம் கிருமிகளைக் கொன்றவன் நான். கதையில்லை, தரையைத் துடைக்க இரண்டு ஆள் வந்தார்கள்.

ஊசி, குழாய் எல்லாவற்றையும் வாயுவால் கிருமிநீக்கம் செய்யும் தொழிற்சாலை அது. எந்தக் கிருமி அந்த வாயுவுக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பது என் வேலை. கிருமிகளைக் காகிதத் துண்டில் காயவைத்து, இரும்புப் பெட்டிக்குள் வாயு காட்டி, ஊதா நிறத் திரவம் உள்ள குப்பியில் போடுவோம். திரவம் மஞ்சளானால் பயல்கள் பிழைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் பார்த்த இடமெல்லாம் மஞ்சள். பெட்டிக்கு ஈரம் ஊட்டும் கருவி மண்டையைப் போட்டிருந்தது. காய்ந்த கிருமி எமனுக்கே டிமிக்கி கொடுக்கும். கொஞ்சம் நனைந்தால்தான் வாயுவுக்கு வழிவிடும். இதைச் சோதிக்க வந்த அதிகாரியோ என் பெண்டாட்டியின் அண்ணன்.

"விஷவாயு போதாதாம், ஈரமும் வேணுமாம்! நல்ல சாக்கு. இன்னைக்குப் போடறதும் மஞ்சளாச்சுன்னா ரூமைப் பூட்டிட்டு உங்களைக் கிடங்குல பெட்டி தூக்க அனுப்பிடுவேன்."

"என் இடுப்பு தாங்காது மச்சான்."

"ஆபீஸ்ல சார்."

வேறு வழியில்லை. காகிதத் துண்டை அவர் மூக்கருகே நீட்டினேன். "பாருங்க சார். அம்மா இல்ல, அப்பா இல்ல, மாமன் மச்சான் இல்ல. ஓட்டுக்குள்ள சுருண்டுகிட்டு ஒரு சொட்டு ஈரத்துக்கு ஏங்குதுங்க. ஏன்னு கேக்க நாதியில்ல."

மச்சானின் உதடு கோணியது. "எல்லாமே அனாதையா?"

"மொத்தமா."

மடை உடைந்தது. நாலு கைக்குட்டை, ரெண்டு வெள்ளை அங்கி, ஒரு சன்னல் திரை நனைந்தன. என் செருப்பு மிதந்தது. பெட்டி உறிஞ்சும் அறைக்காற்றே பிசுபிசுத்தது. ஈரமானியின் முள் துள்ளியது. வாயுவைத் திறந்துவிட்டேன்.

ஒரு வாரமாகியும் எல்லாக் குப்பியும் கத்தரிப்பூ நிறம். ஒரு பயலும் தப்பவில்லை.

மச்சானுக்கு மேலதிகாரியான பெண்மணி வந்து குப்பிகளைப் பார்த்தார். "கருவிதான் கெட்டுப் போயிருந்துச்சே, ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"இவர் அழுதார் மேடம்."

"பொய்! ஏசி ஒழுகிச்சு," என்றார் மச்சான்.

"இந்த ரூம்ல ஏசியே கிடையாதே சார்," என்றேன் பணிவாக.

"எப்படி வந்துச்சுன்னு தெரியாத ஈரத்தை வச்சு எடுத்த அளவு செல்லாது. ரூமை மூடிடுங்க," என்றார் மேடம்.

என் இடுப்பு அப்போதே விண்ணென்று தெறித்தது. மச்சான் என்னைப் பார்த்தார். குப்பிகளைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நான்தான் மேடம் அழுதேன்," என்றார். "ஆனா ஒண்ணு, மாப்ளைக்காக இல்ல. அதுங்களுக்காக."