சபைனாவின் நாக்கு

பஞ்சத்தில் ஓர் ஆட்டைத் திருடியதற்காகப் பத்தொன்பது வயது சபைனாவை அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திக் கப்பலேற்றினார்கள். கைதிப் பெண்கள் தங்கள் தாய்மொழியான ஐரிஷில் பேசக்கூடாது என்பது, கைதிகளுக்குப் பொறுப்பாளரான கப்பல் மருத்துவரின் உத்தரவு. காய்ச்சலில் கிடந்த சக கைதி ஹொனோராவுக்காகச் சபைனா அந்த மொழியிலேயே ஜெபம் சொன்னாள். தண்டனையாக, மேல்தளத்தில் எல்லோரும் பார்க்க அவள் கூந்தலை ஒட்ட வெட்டினான் ஒரு மாலுமி.

"இனிமே வாயத் திறப்பியா?" என்றார் மருத்துவர்.

"முடிதானே போச்சு, நாக்கு இருக்குல்ல" என்ற சபைனா, ஜெபத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஹொனோரா தள்ளாடி வந்து மாலுமியின் முன் உட்கார்ந்தாள். "எனக்கும் வெட்டுப்பா. நானும் அதத்தான் சொல்லப்போறேன்."

அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் வரிசையாக நின்றார்கள். மாலுமி கத்தரியைக் கீழே வைத்தான்.

"இத்தன பேருக்கும் என்னால முடியாதுங்கய்யா."

மருத்துவர் தன் அறைக்குப் போய்விட்டார். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகம் வரும்வரை பெண்கள் ஐரிஷிலேயே பேசிச் சிரித்தார்கள்.