படகுத்துறைக் கல்லில் ஒரு சொல்

இளவெயில் ஏறி, கடல்மேல் தவழ்ந்த பனித்திரை மெல்லக் கிழிந்து, கலங்களின் பாய்மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்படும் வேளையில், அத்துறைமுகப் புறநகர் தன் பழமை முழுவதையும் ஒருங்கே காட்டி நிற்கும். வடக்கே உப்புக் கிடங்கின் கருங்கற் சுவர். அதனை ஒட்டிக் கலம் செப்பனிடும் களம். மேட்டின்மேல், வரும் கலங்களுக்குக் கொடியேற்றி வழிகாட்டிய கோபுரம். கீழே, அலைகள் நக்கித் தேய்த்த படகுத்துறைப் படிகள். இவற்றின் வரலாறு மறவாதிருக்க இடந்தோறும் ஒரு கல் நாட்டுவதென ஊர்மன்றம் முடிவு செய்ய, அப்பணி எழுத்து வெட்டுவதில் கைதேர்ந்த பெண்ணொருத்தியிடம் வந்து சேர்ந்தது.

மூன்று கற்களை அவள் முடித்துவிட்டாள். நான்காவதற்குரிய வாசகத்தைப் படித்ததும் உளியைக் கீழே வைத்தாள். ‘படகு செலுத்தியவன் கண்ணயர்ந்தமையால், பாறையில் மோதி முப்பத்தொருவர் மாண்ட துறை இது’ என்றிருந்தது. அங்ஙனம் கண்ணயர்ந்து, அவர்களோடு தானும் மூழ்கிப்போனவன், படிப்போரே, அவளைப் பெற்ற தந்தை. முப்பதாண்டுகள் கடந்தும் அவள் தாய் அப்படிகளின் பக்கம் அடியெடுத்து வைத்ததில்லை.

அன்று நண்பகல், கல்துகள் மாவெனப் படிந்த பட்டறையில் தாயும் அவ்வாசகத்தைப் படித்தாள்.

"இதை நீ வெட்டாதேம்மா. வேற யாராவது வெட்டட்டும்."

"வேற கை வெட்டினா எழுத்து மாறிடுமா? அப்பா தூங்கினது நிஜந்தானே?"

கரையுடைக்கும் வெள்ளம்போல், நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது தாயின் வாய்வழி வெளிப்பட்டது.

"தூங்கலைடி. காய்ச்சல் கொதிச்சுது. எழுந்திருக்கவே முடியலை, இன்னிக்குப் போகலைன்னாரு. வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பி வச்சேன்."

மகள் ஊர்மன்றத் தலைவரிடம் சென்று முறையிட்டாள். அவர் கடுமையானவர் அல்லர், ஆயினும், "உங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லலை. ஆனா, செத்தவங்க வீட்டுக்காரங்க சொல்லாம ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்," என்றார்.

மாண்டோர் குடும்பங்களுள் ஏழே அவ்வூரில் எஞ்சியிருந்தன. மகள் துணைவர முனைந்தும் தடுத்துவிட்டு, தாய் ஒருத்தியாகவே புறப்பட்டாள். கிடங்குத் தெருவிலும் கோபுரத்து மேட்டிலும் வாயில்தோறும் நின்று, கணவனின் காய்ச்சலை மட்டுமன்றித் தன் பிழையையும் மறைக்காது சொன்னாள். இரு வீட்டார் கதவை அறைந்து சாத்தினர். நான்கு வீட்டார் இசைந்து தலையசைத்தனர். ஏழாவது வீடு, கலங்களுக்குப் பாய் தைப்பவனை மணந்த மூன்றாம் திங்களிலேயே அவனை அப்படகில் இழந்தவளுடையது. அவள் உலர்ந்த விழிகளோடு முழுவதையும் கேட்டாள்.

"இத்தனை வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டுத்தான் நான் உசிரோட இருந்தேன். இப்ப வந்து காய்ச்சல்னு சொல்றீங்களே, இனிமே நான் யாரைத் திட்டுவேன்?"

"என்னைத் திட்டுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் திட்டினாள். பொழுது சாயுமளவும், குரல் கம்மி ஓயுமளவும் திட்டினாள். தாய் தலைகுனிந்து நின்று ஒரு சொல்லும் விடாது கேட்டாள். மறுநாள் அப்பெண்ணே மன்றத்துக்குச் சென்று, "காய்ச்சல்னு போடுங்க," என்று கூறிவிட்டுத் திரும்பினாள்.

தலைவர் வாசகத்தை அழிக்கவில்லை. முன்னால் ‘கடுங்காய்ச்சலோடு’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தார். மகள் அதனை ஏனைய எழுத்துகளினும் ஆழமாகவோ அழகாகவோ வெட்ட விழையாது, அவற்றோடு ஒப்பவே வெட்டினாள்.

கல் நாட்டிய காலையில் தாய் படிகளின் உச்சியில் வந்து தயங்கி நின்றாள். கீழே நின்ற பாய் தைப்பவனின் மனைவி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இளக்கமில்லை, கையும் நீளவில்லை.

"பாசியா இருக்கு. பாத்து இறங்குங்க," என்றாள்.

தாய் இறங்கினாள். ஒருவரையொருவர் மன்னித்தனரோ, அறியோம். மன்னிப்பு என்பது கேட்டவுடன் கிடைப்பதும் அன்று, கிடைத்தால்தான் வாழ்வு என்பதும் அன்று. உண்மையை அதற்குரியோர் வாயிலில் கொண்டுபோய் வைத்தவள் சுமை சற்றே குறைந்தாள். அதனை ஏற்றுக்கொண்டவளோ அச்சுமையில் ஒரு பங்கைத் தானும் தாங்கினாள். இருவரும் ஓரடி இடைவெளி விட்டு நின்று, வடிந்திறங்கும் கடல்நீரை நோக்கியிருந்தனர்.