நாற்பது வகுப்பா, முப்பத்தொன்பதா

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக அறையில் கூடியவர்கள் மொத்தம் ஐந்து பேர். நீள மேசையின் தலைப்பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, கிளைக் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர் உபால்தினா; மரியாதையாக எல்லாரும் அவரைத் தோன்யா உபால்தினா என்பார்கள். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, முதலாண்டு நுண்கணித ஆசிரியர் எலியேசர் பர்ராசா. இடப்பக்கம், கணினியும் கால்குலேட்டரும் கறுப்புக் காப்பிக் குடுவையுமாக அலுவலகச் செயலர் நூரி. மேசையின் மறுகோடியில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு, மாணவர் பிரதிநிதி வில்ஃப்ரிதோ சபலேத்தா. கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, யதிரா ஓஸ்பினோ. ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்ற வகுப்புத் தோழர்கள் இருபத்தொரு பேரைக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. ஆனால் உள்ளே பேசிய ஒரு சொல்லையும் அவர்கள் தவற விடவில்லை.

யதிராவின் விஷயமாகத்தான் கூட்டம். திங்கட்கிழமை நுண்கணித இறுதித் தேர்வு. முக்கால் பங்கு வகுப்புக்காவது வந்திருந்தால்தான் எழுதலாம். நடந்தவை நாற்பது, வேண்டியவை முப்பது, யதிராவின் பெயருக்கு நேரே இருந்தவை இருபத்தொன்பதரை. தேர்வு போனால் பாடம் போனது. அந்தப் பாடம் இல்லாமல் நில அளவைப் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்குள் கால் வைக்க முடியாது. நுண்கணிதத்தை மறுபடி நடத்துவது அடுத்த வருஷம்தான். அரை வகுப்புக்கு ஒரு முழு வருஷம் என்ற இந்த விகிதம்தான் மூன்று நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

தாமத வருகைக்கு விழும் அந்த அரைகள் எப்படிச் சேர்ந்தன என்பது ஊருக்கே தெரியும். அவள் வீடு மக்தலேனா ஆற்றுக்கு அக்கரையில். படகு பன்னிரண்டு பேர் சேராமல் புறப்படாது. பதினோரு பேர் சேர்ந்துவிட்டு, பன்னிரண்டாவது ஆள் கோழிக்கூடையோடு ஆடி அசைந்து வரும் வரைக்கும் எல்லாரும் பலகையில் உட்கார்ந்து வெயில் காய வேண்டியதுதான். சில நாள் யதிராவே இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கொடுத்துப் படகைக் கிளப்பியிருக்கிறாள். எல்லா நாளும் அப்படிச் செய்யக் கட்டுப்படியாகுமா?

பர்ராசாவோ முதல் நாளே விதித்தாளை எல்லாருக்கும் கொடுத்து, உரக்கப் படித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டவர். கைபேசி பையைவிட்டு வெளியே வரக் கூடாது. வீட்டுக்கணக்கு வெள்ளி நண்பகலுக்குள் வர வேண்டும். சிறு தேர்வுகளில் மிக மோசமான ஒன்றை அவரே தள்ளுபடி செய்துவிடுவார். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு நுழைந்தால் அரை வருகை. ஒன்பதாவது விதி அவருக்கே அவர் போட்டுக்கொண்டது: ஆசிரியர் கால் மணி நேரத்துக்குள் வராவிட்டால் மாணவர்கள் எழுந்து போகலாம். ஆறு வருஷமாக அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை. இந்தப் பருவத்தில், அதுவும் நுண்கணிதத்தில் சங்கிலி விதி என்ற பாடத்தை நடத்த வேண்டிய நாளில், அவருடைய மோட்டார் சைக்கிள் சங்கிலி நடுரோட்டில் அறுந்தது. அதை வைத்து மாணவர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

தோன்யா உபால்தினா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யதிராவின் மனுவைப் படித்து முடித்தார். பிறகு பிரதிநிதிக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். வில்ஃப்ரிதோ அதற்காகவே இரவெல்லாம் பதிவேட்டின் நகலைக் குடைந்து தயாராக வந்திருந்தான். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சங்கிலி அறுந்த நாளைப் பிடித்துக்கொண்டான். அன்று எட்டேகாலுக்கு எல்லாரும் ஒன்பதாவது விதிப்படி கிளம்பிவிட்டார்கள். பதிவேட்டிலும் இருபத்திரண்டு பேருக்கு அந்தக் கட்டத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. யதிராவுக்கு மட்டும் அரை என்று போட்டிருக்கிறது. ஒரே நாள் ஒருத்திக்கு மட்டும் எப்படி இருக்க முடியும்? விதிப்படி கலைந்த வகுப்பை அவள் கணக்கிலிருந்தும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்தான். மாமரத்தடியில் கைதட்டல் கேட்டது.

நூரி அதற்குள் கால்குலேட்டரைத் தட்டிவிட்டாள்.

"எடுத்தா முப்பத்தொம்போதுக்கு இருபத்தொம்போது. எழுபத்திநாலு புள்ளி மூணு. இன்னும் பத்தலை, வக்கீலய்யா."

கைதட்டல் சட்டென்று நின்றது. வில்ஃப்ரிதோ கால்குலேட்டரை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தான். எண் மாறவில்லை.

"நீ எனக்கு வாதாட வந்தியா, என்னைக் கவுக்க வந்தியா?" என்று யதிரா கதவோரத்திலிருந்து கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கைப்பையின் வார் விரல்களுக்கிடையே முறுகிக்கொண்டிருந்தது. அந்த நாளைப் பற்றி அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. மனுவில் அதை எழுதவில்லை. எழுதினால் வகுப்பு நடந்ததாக ஆகும். விதியை நம்பி எழுந்து போன இருபத்திரண்டு பேருக்கும் ஒரு நாள் ஆப்சென்ட் விழும். அதில் யார் விளிம்பில் நிற்கிறார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

தோன்யா உபால்தினா விடவில்லை. முப்பது வருஷம் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவர். வில்ஃப்ரிதோ சொன்ன அந்த ஒற்றை அரையை விரலால் தொட்டுக்கொண்டு, எல்லாரும் போன பிறகு இது எங்கிருந்து வந்தது என்று ஆசிரியரைப் பார்த்தார்.

பர்ராசா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அன்று அவர் எட்டு பதினெட்டுக்குக் கிரீஸ் கையோடு வந்திருக்கிறார். அறை காலி. முதல் பெஞ்சில் யதிரா மட்டும். வந்ததே வந்தோம் என்று இரண்டு மணி நேரமும் அவளுக்கு மட்டும் பாடம் நடத்தியிருக்கிறார். சந்தேகம் கேட்க வேறு ஆளில்லாததால் அவளே இருபத்துமூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்டாள் என்றார்.

"நீங்க வரும்போது அவ உள்ள இருந்தாளா?"

"இருந்தாங்க, தோன்யா."

"அப்புறம் எப்படி அரை?"

பர்ராசா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் இருபத்தொரு முகங்கள் அடுக்கடுக்காக ஏறியிருந்தன.

யதிராவை இப்போது நேராகவே கேட்டார்கள். அவள் எழுந்து சொன்னாள். படகு அன்றும் தாமதம். எட்டு பதினாறுக்குக் கல்லூரி வாசலில் எல்லாரும் எதிரே வந்தார்கள். வகுப்பு இல்லை, வீட்டுக்குப் போ என்று வில்ஃப்ரிதோதான் சொன்னான். போவதற்கும் படகில் பன்னிரண்டு பேர் சேர வேண்டுமே, அதுவரை நிழலிலாவது உட்காரலாம் என்று உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் ஆசிரியர் வந்துவிட்டார்.

"வகுப்பு ஆரம்பிச்சதே நான் வந்த பிறகுதான்," என்றார் பர்ராசா மெதுவாக. "அவங்க எனக்கு முன்னாடியே வந்துட்டாங்க. ஓஸ்பினோன்னு பேரைப் பாத்ததும் கை தானா அரை போட்டுடுச்சு. தப்பு என்னோடது."

அதை அவர் சொன்ன விதம் அறையிலிருந்த யாரையும் கேலி செய்ய விடவில்லை. ஆனால் தோன்யா உபால்தினா அடுத்த முடிச்சை உடனே எடுத்தார். ஒரு பதிவேட்டில் ஒரு நாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டுமாக இருக்க முடியாது. நடக்கவில்லை என்றால் எல்லாருக்கும் முப்பத்தொன்பது, யதிராவுக்குத் தேர்வு இல்லை. நடந்தது என்றால் எல்லாருக்கும் நாற்பது, யதிராவுக்குச் சரியாக முப்பது. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் அன்றைக்கு ஆப்சென்ட். விதிப்படி போனவர்களை அவர்கள் சம்மதமில்லாமல் அப்படிப் போட மாட்டேன் என்று திட்டமாகச் சொன்னார்.

யதிரா தான் பயந்த இடத்துக்கே பேச்சு வந்துவிட்டதைப் பார்த்தாள். வேண்டாம், அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வில்ஃப்ரிதோ எழுந்துவிட்டான்.

"எனக்கு ஆப்சென்ட் போடுங்க."

"உன் கணக்கு எவ்வளவுன்னு தெரியுமாடா உனக்கு?" என்றாள் நூரி.

"தெரியாது. இவளை வீட்டுக்குப் போன்னு சொன்னது நான். இவ கேக்கல. கேட்டிருந்தா சங்கிலி விதியை எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் குடுத்திருப்பா?"

அது உண்மைதான். சங்கிலி அறுந்ததற்கு மறுநாள் மாமரத்தடியில் இருபத்திரண்டு பேரையும் சுற்றி உட்கார வைத்து, மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த காரிமன்யோலா ஆளுக்கொன்று கூலியாக வாங்கிக்கொண்டு, அந்தப் பாடத்தைத் திருப்பிச் சொன்னவள் யதிரா. கூலியில் பாதியை அவளால் தின்ன முடியவில்லை என்பது வேறு கதை. ஜன்னலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எல்லாரும் ஆப்சென்ட் கேட்டுக் கை தூக்கி நின்ற ஒரு வகுப்பைத் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை என்றார் தோன்யா உபால்தினா.

நூரி ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். பதிவேட்டு வரிசையில் போனாள். எண்பத்தைந்து, தொண்ணூறு, எண்பத்திரண்டரை. ஒவ்வொன்றுக்கும் ஜன்னலில் ஒரு பெருமூச்சு. கடைசிப் பெயர் சபலேத்தா. அவள் தட்டியதை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். வில்ஃப்ரிதோவின் சட்டை முதுகில் முழுவதும் ஒட்டிவிட்டிருந்தது. யதிரா தன் எண்ணுக்குக்கூட அவ்வளவு மூச்சைப் பிடித்திருக்க மாட்டாள்.

"நாப்பதுக்கு முப்பது," என்றாள் நூரி. "மயிரிழை."

மாமரத்தடியில் எழுந்த கூச்சலில் பக்கத்து அறையில் நடந்த வேதியியல் வகுப்பு நின்றுபோனது. வில்ஃப்ரிதோ நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, குடுவையிலிருந்த காப்பியைக் கேட்காமலே ஊற்றிக் குடித்தான். யதிராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வேலை முடியவில்லை. தேர்வு எழுதுவோர் பட்டியல் தலைமை வளாகத்துக்குப் பதினொன்றரைப் பேருந்தில் போக வேண்டும். திருத்தத்தை ஆசிரியர் கைப்பட எழுத வேண்டும். முப்பது வகுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றாள் நூரி. பர்ராசாவுக்கு மனம் ஒப்பவில்லை. சங்கிலி அறுந்தது, எட்டு பதினெட்டு, முதல் பெஞ்சு, தன் கை செய்த தவறு, இருபத்திரண்டு பேரின் சம்மதம் என்று ஒவ்வொரு படியாக எழுதினார். பின்பக்கத்துக்கும் ஓடியது. எழுதியதை யதிராவிடம் நீட்டி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள் என்றார்.

அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு, ப்ரொஃபே. தேதி மட்டும் போடல."

அவர் தேதி போட்டார். தோன்யா உபால்தினா கையெழுத்திட்டார். நூரி தாளைப் பட்டியலோடு சேர்த்து மூன்றாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, மடிப்பின் மேல் கல்லூரி முத்திரையைக் குத்தினாள். மை காயும் வரை யதிரா அதை ஊதினாள். பிறகு எல்லாருமாகச் சாலைக்குப் போனார்கள். பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கடிதத்தை வாங்கி, முன்கண்ணாடி ஓரத்தில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.